சுத்தம் செய்யாத கேசட்

ஜூலை 6

செயலாளர் அம்மணிக்கு,

உன் தலைவி எழுதுகிறேன். இது சங்க விஷயமில்லை. ஆனால் சங்கத்திடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

குட்டிக்குக் காது கேட்கவில்லை.

இந்த ஒரு வரிக்காக எத்தனையோ தாளைக் கிழித்துவிட்டேன். எழுதிய பிறகும் யாரோ வேறொருத்தியின் பிள்ளையைப் பற்றி எழுதிவிட்டதுபோல இருக்கிறது. கோடை தொடங்கியதிலிருந்தே எனக்குச் சந்தேகம். அவன் முதுகுக்குப் பின்னால் நின்று தட்டைத் தட்டுவேன். திரும்பமாட்டான். விளையாட்டு மும்முரம் என்று சொல்லிக்கொள்வேன். தட்டி நெளிந்த தட்டு அலமாரியில் இருக்கிறது. என் கணவர் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டார்.

போன வாரம் டாக்டர் உறுதியாகச் சொல்லிவிட்டார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். "குளிர்காலத்துல வந்த அந்தக் காய்ச்சலுக்கு முன்னாடி குழந்தைக்குக் கேட்டுச்சா?" நான் "கேட்டுச்சு டாக்டர்" என்றேன். அதே மூச்சில் என் மாமியாரும் "நல்லாவே கேட்டுச்சு" என்றார். நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்ன முதல் சொல் இதுவாகத்தான் இருக்கும். டாக்டர் நம்பவில்லை. "எல்லா வீட்லயும் அப்படித்தாம்மா சொல்றாங்க. எதை வச்சு சொல்றீங்க?" என்றார். காய்ச்சலில் போனதென்றால், கொஞ்ச மாதமாவது கேட்ட சத்தம் உள்ளே இருக்கும், அதைப் பிடித்துப் பேச்சைக் கொண்டுவரப் பார்க்கலாமாம். பிறவியிலேயே இல்லையென்றால் அந்த வழியில் நாளை வீணாக்காமல் கண்ணால் கற்கும் பள்ளிக்குப் போக வேண்டுமாம். ஆகஸ்ட் கடைசிக்குள் முடிவு செய்ய வேண்டும்.

அந்தக் காய்ச்சல் எப்போது வந்தது என்று உனக்குத் தெரியும். பதிவு வேலையை எப்போதோ தொடங்கிவிட்டு, அனுமதி கிடைத்த பிறகு நம் சங்கத்துக்குத் தொடக்க விழா நடத்தினோமே, அன்று. நான் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு வந்து மேடையில் மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, அன்று. "சங்கத்தைத் திறக்கப் போனா, பிள்ளை காதை மூடிட்டு வந்துட்டா." என் மாமியார் இதைப் பக்கத்து வீட்டு அம்மாளிடம் சொன்னார். மெதுவாகக்கூடச் சொல்லவில்லை.

பழி என் மேல் விழுந்தால் விழட்டும். எனக்கு வேண்டியது வேறு. நான் இங்கே உட்கார்ந்து நம் சங்கத்துக்காகப் புத்தகம் புத்தகமாகப் படித்துப் பதிவு செய்தபோதெல்லாம் அவன் என் எதிரேதான் கிடந்தான். அந்த மாதங்கள் என் குரல் அவனுக்குள் போயிருக்கிறது என்று எனக்குத் தெரிந்தால் போதும். அதற்குப் பிறகு எதையும் தாங்கிக்கொள்வேன்.

காய்ச்சலுக்கு முந்திய கேசட்டுகளில் அவன் சத்தம் இருக்கும். பொருளாதாரப் புத்தகம், அதற்கடுத்த வரலாறு. அனுப்பு. டாக்டருக்குப் போட்டுக் காட்ட வேண்டும்.

உன்
தலைவி


ஜூலை 14

தலைவிக்கு,

உன் கடிதத்தை வகுப்பு வாசலில் நின்று படித்தேன். உள்ளே போகவில்லை.

முதலில் சங்க விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மற்றதற்குக் கை வரமாட்டேன் என்கிறது.

புது மாணவர்கள் சங்கங்களில் சேரும் நாள் நேற்று. நமக்கு நடனச் சங்கத்துக்கும் மலையேறும் சங்கத்துக்கும் நடுவில் மேசை போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் ஆட்டம், ஒரு பக்கம் மலைக்காரர்களின் கயிறு வந்து நம் பலகையையே மூடிவிட்டது. "கண் தெரியாத மாணவர்களுக்குப் பாடம் வாசித்துப் பதிவு செய்வோர் சங்கம்" என்று நீ எழுதிய பெயர்ப்பலகை. இவ்வளவு நீளமாக வைக்காதே என்று அன்றைக்கே சொன்னேன். தெரிந்தது "கண் தெரியாத" மட்டும்தான். ஒரு பெண் வந்து நின்றாள். "இதுல சேர்ந்தா என்னங்க கிடைக்கும்?" பக்கத்தில் உட்கார்ந்திருந்த, கண் தெரியாமல் நம் கேசட்டைக் கேட்டே சட்டம் படிக்கும் நம் வக்கீல் உடனே, "தொண்டை வலி" என்றார். அவள் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். அவள் பின்னாலேயே அவள் அறைத்தோழிகளும். சட்டப் படிப்பு முடித்தபின் நிஜ வக்கீலாகி இவர் யாரையெல்லாம் மடக்கப்போகிறாரோ.

மாணவர் நலப் பிரிவு அதிகாரி வந்தார். போன வருடம் "சங்கம்னா ஒரு கொண்டாட்டம் இருக்கணுமே, இதுல என்ன இருக்கு?" என்று நம்மை அலைக்கழித்தாரே, அவர்தான். இந்த முறை, "தலைவர் எங்கே?" என்றார். படிப்பைப் பாதியில் நிறுத்தியிருப்பவர் தலைவராக இருக்க முடியாதாம். நீ இந்தப் பருவத்திலேயே திரும்பி வந்து சேர வேண்டும், இல்லையென்றால் வேறு தலைவர் வேண்டும். நீ வருவாய் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இனி கேசட்.

தலைவி, அவை இல்லை. நம் வேலை எப்படி நடந்தது என்று யோசித்துப் பார். நீ படித்து அனுப்புவாய். நான் இரண்டு கேசட் போடும் டேப் ரிக்கார்டரில் வைத்து, பாடமல்லாத சத்தம் வரும் இடத்தில் எல்லாம் நிறுத்தி, தாண்டி, மறுபடி ஏற்றுவேன். சுத்தமானது மாணவர்களுக்குப் போகும். மூலக் கேசட் உனக்கே திரும்பி வரும், அடுத்த பாடத்தை அதன் மேலேயே படிப்பதற்கு. புதுக் கேசட்டுக்கு நமக்கு யார் கொடுத்தார்கள்?

நாய் குரைத்த இடத்தில் ஒரு சட்டப்பிரிவே காணாமல் போய், வக்கீல் அதை எழுதாமல் தேர்விலிருந்து வந்த பிறகு நாம் போட்ட விதி அது. பாடம் தவிர ஒரு சத்தமும் இருக்கக் கூடாது.

பிள்ளையை எனக்காக ஒருமுறை தூக்கிக்கொள். உன் அவர் என்ன சொல்கிறார்? நீ சாப்பிடுகிறாயா?

செயலாளர்


ஜூலை 19

"நாம் போட்ட விதி" என்று எழுதியிருக்கிறாய். நன்றி. நான் போட்ட விதி என்று நேராகவே எழுதியிருக்கலாம். அந்தக் கூட்டத்தில் மேசையைத் தட்டிப் பேசியது நான்தான், எனக்கு மறக்கவில்லை.

உன் கடிதம் வந்த அன்று வீட்டில் இருந்த கேசட் எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுக் கேட்டேன். முன்பக்கம், பின்பக்கம். எல்லாவற்றிலும் நான்தான். இலக்கண சுத்தமாக, நிறுத்தி நிதானமாக. என் பிள்ளையின் குரல் மேல் நானே பணவீக்கம் படித்திருக்கிறேன், செயலாளர். சில இடத்தில் வாக்கியத்துக்கும் வாக்கியத்துக்கும் நடுவில் ஏதோ கேட்பதுபோல இருக்கும். காதை வைத்துப் பார்த்தால் டேப்பின் இரைச்சல்.

"என்னத்தைக் கேட்டுக்கிட்டே இருக்க? பிள்ளை பசியில இருக்கான்" என்று மாமியார் வந்து நிறுத்தினார். அவன் பசியில்தான் இருந்தான். அதையும் அவர்தான் பார்த்தார்.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத உட்கார்ந்தேன். இருக்கிறது. ஒன்றையாவது எடுத்து வைக்க வேண்டும் என்று தோன்றவில்லையா? குழந்தை பிறந்ததும் முதலில் ஓடி வந்து பார்த்தவள் நீ. அவன் சத்தத்தையெல்லாம் முள் எடுப்பதுபோல எடுத்து எறிந்திருக்கிறாயே.

சரி, விடு. எனக்கு வேறொன்று தோன்றுகிறது. பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சத்தத்தையும் கேட்டவள் நீ. எனக்குப் படிக்கிற கவனம். உனக்குத்தான் அவன் மேல் கவனம். சொல். வாசல் மணி அடித்திருக்கும், ஏதாவது விழுந்திருக்கும், நானே தும்மியிருப்பேன். அப்போது அவன் என்ன செய்தான்? சத்தத்தை நிறுத்தினானா? அழுதானா? உனக்கு நினைவிருக்கும். நினைவுபடுத்திப் பார்.

திரும்பி வந்து சேர்வது பற்றி இப்போது கேட்காதே.


ஆகஸ்ட் 2

தலைவிக்கு,

கோபப்படு. நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

நினைவுபடுத்திப் பார்த்தேன். வெட்டுகிறவளுக்குச் சத்தம் நினைவில் நிற்பதில்லை, எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதுதான் நிற்கும். என் விரலுக்குத் தெரியும், எனக்குத் தெரியவில்லை. இதைத்தான் எழுதி அனுப்பலாம் என்றிருந்தேன். அதற்குள் ஒன்று நடந்தது.

நீ கேட்டதை வக்கீலிடம் சொன்னேன். அவர், "என்கிட்ட ஒண்ணு இருக்கு" என்றார். போன வருடம், குட்டிக்குக் காய்ச்சல் வருவதற்கு முன்பு, அவருக்குத் துணைப்பாடமாகப் பொருளாதாரத் தேர்வு இருந்தது. சுத்தம் செய்ய நேரமில்லை என்று கூலியைப் பற்றிய பாடத்தை அப்படியே கொடுத்துவிட்டேன். திருப்பிக் கொடுங்கள் என்று எத்தனையோ முறை கேட்டேன். தொலைந்துவிட்டது என்றார். தொலையவில்லை. "சின்ன வயசுலேர்ந்து விடுதியிலேயே இருக்கேங்க. அதுல ஒரு வீடு கேக்குது. அதான் குடுக்க மனசு வரல" என்றார். எனக்குத் திட்டவும் தெரியவில்லை.

நம் சங்க அறையில் இருவரும் உட்கார்ந்து கேட்டோம். அறை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. விளையாட்டுத் துறையின் உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைக்கும் இடம், நடுவில் நம் டேப். ஜன்னலுக்கு வெளியே புதிதாகச் சேர்ந்தவர்கள் உச்சரிப்புப் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். அந்தத் தொண்டைவலிப் பெண் உன்னைப்போலவே படிக்கிறாள், ஒவ்வொரு காற்புள்ளியிலும் நின்று.

கேசட் பழையதாகிவிட்டது. சில இடம் தெளிவாக இல்லை. டாக்டருக்குப் பயன்படுமா என்று தெரியவில்லை. நீ வேண்டுமென்றால் அனுப்புகிறேன். வேண்டாமென்றால் இங்கே பத்திரமாக இருக்கட்டும், இன்னும் கொஞ்ச நாள் கழித்துக்கூட வாங்கிக்கொள்ளலாம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். மழை தொடங்கிவிட்டதா அங்கே?

செயலாளர்


ஆகஸ்ட் 7

செயலாளருக்கு,

"தெளிவாக இல்லை" என்று எழுதியிருக்கிறாய். கூட்டக் குறிப்பில் ஒரு சொல் சரியில்லை என்று முழுப் பக்கத்தையும் திருப்பி எழுதுகிறவள் நீ. கேசட்டில் என்ன இருக்கிறது என்று எழுதவில்லை. மழையைப் பற்றிக் கேட்டிருக்கிறாய்.

நீ என்ன கேட்டாய் என்று எனக்கு எழுதாதே. நானே கேட்டுக்கொள்கிறேன். அனுப்பு.

இங்கே அவர் இப்போதெல்லாம் வேலையிலிருந்து வந்ததும் அவனைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுகிறார். அங்கே அவனிடம் பேசிக்கொண்டே இருக்கிறார். கீழே எனக்குக் கேட்கும். "அது யாரு? அது காக்கா. பறந்துபோச்சா? போச்சு." என்னிடம் அந்த அளவுக்குப் பேசி நாளாகிறது. நேற்று படியில் நின்று, "ஒருவேளை அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தா..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. அன்றைக்குப் பிள்ளையோடு வீட்டில் இருந்தது அவரும் அவர் அம்மாவும். அவரையும் இது அரிக்கிறது என்று எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது.

அனுப்பு.


ஆகஸ்ட் 12

தலைவிக்கு,

இத்துடன் கேசட். பஞ்சு வைத்துச் சுற்றியிருக்கிறேன். இரண்டாம் பக்கம், நடுவிலிருந்து.

தனியாக இருக்கும்போது போடாதே. யாராவது பக்கத்தில் இருக்கட்டும். உன் மாமியாராகவே இருந்தாலும் பரவாயில்லை.

பிரதி எடுத்து வைக்கட்டுமா என்று வக்கீல் கேட்டார். வேண்டாம் என்றேன். அது நம்முடையது இல்லை.

செயலாளர்


ஆகஸ்ட் 25

அன்புள்ளவளே,

கேசட் வந்தது. இரண்டு நாள் அலமாரியிலேயே இருந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் மாமியாரைக் கூப்பிட்டேன். "அத்தை, குட்டி குரல் இருக்கு. வர்றீங்களா?" கையைத் துடைத்துக்கொண்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். குட்டியை மடியில் வைத்துக்கொண்டார்.

முதலில் நான். கூலி எப்படித் தீர்மானிக்கப்படுகிறது என்று படித்துக்கொண்டு போகிறேன். அடியில் அவன். நீ அதைக் கேட்டிருக்கிறாய், சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், எனக்கு யாரிடமாவது சொல்ல வேண்டும். எச்சில் குமிழி உடைவதுபோல ஒரு சத்தம், பிறகு ஒரு நீளமான "ஆ", நடுநடுவே தனக்குள்ளேயே ஒரு சிரிப்பு. மாமியார் மடியிலிருந்தவனைப் பார்த்து, "நீதான்டா ராஜா, நீதான்" என்றார்.

பிறகு அந்த இடம் வந்தது. அடுப்படியில் குக்கர் மூடி விழுகிறது. அந்தச் சத்தத்துக்குக் கட்டிலில் உட்கார்ந்திருந்த மாமியாரே தூக்கிவாரிப் போட்டு நிமிர்ந்தார். கேசட்டில் நான் "ஐயோ" என்று பாதிச் சொல்லில் நிறுத்துகிறேன். மூடி தரையில் சுற்றிச் சுற்றி அடங்குகிறது. அவ்வளவு நேரமும் அவன் தன்பாட்டுக்கு "ஆ" என்று இழுத்துக்கொண்டிருக்கிறான். ஒரு இழை அறுபடவில்லை. மூடி அடங்கிய பிறகும் அதே மூச்சில் போகிறது.

அதற்குப் பிறகு என் குரல்: "பயப்படவே இல்லையா நீ? என் தைரியசாலி!" தூரத்திலிருந்து மாமியார் குரல்: "எங்க வம்சம்டி. இடியே விழுந்தாலும் அசைய மாட்டான்."

இரண்டு பேரும் சிரிக்கிறோம்.

மாமியார், "இன்னொரு தடவை போடு" என்றார். போட்டேன். மறுபடியும் போடச் சொன்னார். மூன்றாவது முறை மூடி விழுவதற்கு முன்பே கையை நீட்டி நிறுத்திவிட்டார். வெகுநேரம் குட்டியின் காதையே தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "அப்போ நீ ஊருக்குப் போனதால இல்ல" என்றார். மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கிற ஆளும் இல்லை. நான், "நீங்க பாத்துக்கிட்டதாலயும் இல்ல அத்தை" என்றேன். அதற்குத்தான் அழுதார். இத்தனை மாதம் என்னைச் சொன்னதெல்லாம் தன்னைச் சொல்லிக்கொள்ளாமல் இருக்கத்தான் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது. என் கணவரிடமும் அன்று மாலையே சொன்னேன். மாடிக்குப் போகாமல் கீழேயே உட்கார்ந்திருந்தார்.

பழி போய்விட்டது, செயலாளர். வீட்டில் எல்லார் மேலிருந்தும் போய்விட்டது. நான் இலேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. அவன் கேட்டான் என்று நான் வைத்துக்கொண்டிருந்த மாதங்களும் அதோடு போய்விட்டன. அவன் வயிற்றில் இருந்தபோதே நான் படிக்கத் தொடங்கிவிட்டேன், தெரியுமா? பிறந்த பிறகு, மற்றவர்களுக்காகப் படிக்கிறேன் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டு, எல்லாவற்றையும் அவனுக்கும் சேர்த்துத்தான் படித்தேன். சட்டம், வரலாறு, கூலி. ஒரு சொல் அவனிடம் போகவில்லை. என் பேரை, அவன் பேரை, ஒன்றையும் அவன் இதுவரை கேட்டதில்லை. கேட்டுக்கொண்டிருந்த காது ஒரு நாளில் போயிற்று என்றால் நான் அழுவதற்கு அந்த ஒரு நாளாவது இருந்திருக்கும். இப்போது அதுவும் இல்லை.

இதை நீ அனுப்பாமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தேன். ஒருநாள் முழுக்க உன்னைத் திட்டினேன். அது முடிந்துவிட்டது.

இன்னொன்று. உனக்கு இது தெரிந்திருக்காது. பார்த்தவளுக்குத்தான் தெரியும். கேசட்டில் அவன் சில இடத்தில் சிணுங்குகிறானே, காரணமில்லாமல்? திரும்பத் திரும்பக் கேட்டேன். ஒவ்வொரு முறையும் அதற்கு முன்னால் தாள் புரளும் சத்தம். பக்கத்தைத் திருப்பும்போது எனக்குப் புத்தகத்தை உயர்த்துகிற பழக்கம். என் முகம் அதற்குப் பின்னால் போய்விடும். புத்தகம் இறங்கியதும் சிணுங்கல் நிற்கிறது. என் குரலுக்காகச் சிணுங்குகிறான் என்று அப்போது உனக்கு எழுதியிருந்தேன், பெருமையாக.

நேற்று டாக்டரிடம் போனோம். கேசட்டைக் கொண்டுபோனேன். அவர் மூடி விழும் இடம்வரை கேட்டுவிட்டு, "போதும்மா" என்றார். கண்ணால் கற்கும் பள்ளிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அது வேறு ஊரில் இருக்கிறது. அம்மாக்களுக்கும் அங்கே கையால் பேசச் சொல்லித் தருவார்களாம். என் கணவர் வேலையில் மாற்றல் கேட்டு எழுதிப் போட்டிருக்கிறார். மாமியாரும் வருகிறேன் என்கிறார், "என் பேரன்கிட்ட நான் எப்படிச் சண்டை போடுறது, எனக்கும் கத்துத் தரச் சொல்லு" என்று.

அதனால் நான் இந்தப் பருவத்தில் மட்டுமில்லை, இனி அங்கே திரும்பி வரப்போவதில்லை. படிப்பு முடியாததுதான் வருத்தம், ஆனால் வேறு வழி தெரியவில்லை. தலைவர் பொறுப்பை வக்கீலிடம் கொடு. பெயர்ப்பலகை நீளம் என்று அவரும் நீயும் சேர்ந்து சுருக்கிக்கொள்ளுங்கள். என் விலகல் கடிதம் தனியாக இருக்கிறது, அதிகாரியிடம் கொடுத்துவிடு. அந்தக் கேசட்டையும் வக்கீலுக்கே திருப்பி அனுப்புகிறேன். அவருக்குத்தான் அதில் கேட்க ஏதாவது இருக்கிறது.

படிப்பதை மட்டும் விடமாட்டேன். புது ஊருக்கு முகவரி அனுப்புகிறேன், நீ புத்தகம் அனுப்பு. இனி புத்தகத்தை மடியில் வைத்துத்தான் படிக்கப்போகிறேன்.

இதை எழுதும்போது அவன் கட்டிலின் அந்தக் கோடியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, உன் கடித உறையைக் கிழித்துக்கொண்டிருக்கிறான். பின்னாலிருந்து கூப்பிட வேண்டுமென்றால் அவன் இருக்கும் பலகையைத் தட்ட வேண்டும், அதிர்வு அவன் உடம்புக்குத் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பேனாவை வைத்துவிட்டு உள்ளங்கையால் கட்டில் பலகையை ஒருமுறை தட்டினேன்.

கிழிப்பதை நிறுத்தினான். பலகையைப் பார்த்தான். பிறகு திரும்பி என்னைப் பார்த்தான்.

உன்
பழைய தலைவி